கொலையிலாப் புலாலும் சைவர் நோன்பும்



புலால் உண்ணாமை சைவர்க்கு இன்றியமையாத ஒழுக்கம் என்பதனை இவ்வவையில் எடுத்துரைத்தல், கற்றார்முன் நெடுங்கணக்கு ஓதுதல் போல்வதாம். அதனைக் கூற யாம் வந்தேமல்லேம். அறுபத்தெட்டு யாண்டு புலாலின் சுவை இன்னதென்று அறியாது வாழ்ந்த யாம், 2023ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரத்தில், புலால் விற்கும் விரைவுணவுச் சாலையொன்றினுட் புகுந்து, புலால் போன்ற ஒன்றை விலைகொடுத்து வாங்கி உண்டேம். அதனால் எமக்கு எழுந்த ஐயத்தையும், அவ்வையத்திற் தெளிந்ததனையும், தெளியாது எஞ்சியதனையும் ஈண்டுக் கூறப் புகுகின்றேம். 'இவரும் இங்ஙனம் செய்தனரோ' என்று முகஞ் சுளிக்கும் அன்பர்கள், முடியுங்காறும் பொறுத்திருந்து கேட்க.

அந்நகரின் குவீன்ஸ் பகுதியில், பிளஷிங் என்னுமிடத்து, மகாவல்லப கணபதி திருக்கோயில் உள்ளது. 1977ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலின் கீழ்த்தளத்து உணவகத்தில் இட்டலியும் தோசையும் நம்மூர்ப் பதத்திற் கிடைக்கும். எம் மாணாக்கர் ஒருவர் மனை அதன் அணித்தே இருந்தமையின், ஆண்டுத் தங்கிச் சில வாரம் சித்தாந்த வகுப்பு நடாத்தினேம். ஒருநாள் அவர் மகனார், பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் கற்பவர், மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்திற்கு எம்மை அழைத்துச் சென்றார். சோழர் காலத்து நடராசத் திருவுருவம் ஒன்று ஆண்டுப் பூசையின்றி நின்றருளுகின்றது. அதன்முன் நெடுநேரம் நின்று, வாய்க்குள் ஓதிவிட்டு வெளியே வந்தபொழுது பகல் மூன்று மணி. கட்டமுது கொண்டு செல்லல் எம் வழக்கம். அன்று அதனை மறந்து மனையிலேயே வைத்துவிட்டேம்.

"தாத்தா, இந்தக் கடையில் தாவரப் பொருளாலே செய்த பர்கர் கிடைக்கும். நீங்கள் ஒருமுறை உண்டு பார்க்க வேண்டும்" என்றார் இளைஞர்.

பர்கர் யாதென அறியாத அன்பர் சிலர் ஈண்டு இருத்தல் கூடும். வட்ட ரொட்டியை இரண்டாகப் பிளந்து, அரைத்த மாட்டிறைச்சியை வட்டையாகத் தட்டிச் சுட்டு நடுவே வைத்து, வெங்காயம், தக்காளி, இலை முதலியன சேர்த்துக் கையாற் பற்றி உண்ணும் உணவு அது. அந்நாட்டார்க்கு நம் சோற்றை ஒத்த பழக்கம். அக்கடை வாயிலிலேயே ஊன் வேகும் புகை எம்மை எதிர்கொண்டது. அத்தகைய இடத்துட் புகுதலே தகாதென்பது யாம் மேற்கொண்ட நியமம். புகுந்தது எம் பிழையே. அதற்குரிய கழுவாயைப் பின்னர்ச் செய்துகொண்டேம். அதனை விரித்தல் ஈண்டு வேண்டா. ஆயினும் விளையாட்டாக அழைப்பவர் முகமாக அவ்விளைஞர் முகம் காணப்படவில்லை. யாதோ ஒன்று அதன்கண் இருந்தது. ஆதலிற் சென்றேம்.

உணவு கேட்டு வாங்கும் மேடையில் நின்ற பெண் மூன்று வினாக்கள் கேட்டாள். முட்டை கலந்த மயோனைஸ் இடலாமா என்றாள், வேண்டா என்றேம். பாற்கட்டி இடலாமா என்றாள். பாலின் பொருள்தானே என்று கருதி, இடுக என்றேம். இளைஞர் எம்மை ஒருகணம் நோக்கினார், ஒன்றும் சொல்லிலர். மூன்றாவது வினா எம்மை வியப்பித்தது. "இறைச்சி சுடுகிற தகட்டிலேதான் இதையும் சுடுகிறோம். அது உங்களுக்குச் சம்மதமா? இல்லையென்றால் தனியே சூடாக்கித் தருகிறேன். சற்று நேரமாகும்" என்றாள். யாம் கேளாமலே அவள் உரைத்த மொழி அது. 'சுத்த சைவம்' என்று பலகை தொங்கும் நம்மூர் இடங்கள் சிலவற்றில், கேட்டும் இத்துணைத் தெளிவான மறுமொழி பெற்றிலேம். தனியே தருக என்று கூறிக் காத்திருந்தேம்.

காத்திருந்த பொழுதில் இளைஞர் அவ்வட்டையின் வரலாற்றை விளக்கினார். ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியற் பேராசிரியராயிருந்த பாட்ரிக் பிரவுன் என்பார், 2011ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவில் இம்பாசிபிள் புட்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இறைச்சிக்கு அதன் சுவையையும் மணத்தையும் தருவது யாது என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீம் என்னும் இரும்பு சார்ந்த பொருளே அதற்குத் தலையாய காரணம் என்று அவர் கண்டார். அப்பொருள் விலங்கின் குருதியில் மட்டுமோ உளது? அன்று. சோயா, உளுந்து, நிலக்கடலை முதலிய பயற்றினச் செடிகளின் வேரிற் சிறு முடிச்சுக்கள் உள. அவற்றுள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பயிர்க்கு உணவாக்கித் தருகின்றன. அம்முடிச்சை நகத்தாற் கிள்ளின் உள்ளே செம்மை தோன்றும். லெக்ஹீமோகுளோபின் என்று பெயர்பெறும் பொருள் அது; ஹீமைத் தன்னகத்துக் கொண்டது. எம் இளமையில், தாமிரபரணிக் கரையிற் களை பறிக்குங்கால், உடன்வந்த உளுந்தஞ்செடியின் வேரில் இம்முடிச்சுக்களைக் கண்டிருக்கின்றேம். புழுவின் கூடென்று கருதி எறிந்தேம். நாள்தோறும் நாம் உண்ணும் இட்டலிக்கு உளுந்து தரும் செடியின் வேரிலேயே குருதியின் உறவு ஒளிந்திருந்ததென்பதை அறுபது யாண்டு கழித்து அயல்நாட்டிற் கேட்டேம்.

சோயாச் செடிகளை அகழ்ந்து அகழ்ந்து அப்பொருளைப் பெறுதல் அரிது. ஆகலின் அச்செடியின் மரபணுவை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரிற் புகுத்திப் பெருந்தாழிகளில் நொதிக்கச்செய்து பெறுகின்றனர். சோயாப் புரதம், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் முதலியவற்றோடு இதனைச் சேர்த்த வட்டை பச்சையிற் சிவந்தும், சுட்டபின் பழுத்தும் தோன்றும். 2016ஆம் ஆண்டில் நியூயார்க் உணவகம் ஒன்றில் இது முதன்முதல் விற்பனைக்கு வந்தது. 2019ஆம் ஆண்டிற் பர்கர் கிங் என்னும் பெருநிறுவனம் அந்நாடெங்கும் விற்கத் தொடங்கிற்று. பியாண்ட் மீட் என்னும் பிறிதொரு நிறுவனம் பட்டாணிப் புரதத்தாற் செய்து பீட்ரூட்டினால் நிறமூட்டுகின்றது. இவர்கள் நோக்கம் விற்பனை மட்டுமன்று. கால்நடை வளர்ப்பினால் நிலமும் நீரும் காற்றும் கெடுகின்றன என்பதே பிரவுனார் முன்னிறுத்திய காரணம். நம் நூல்கள் கூறும் காரணம் வேறு. வேறு வழியால் வந்தவர் நம் தெருவில் நம்மைச் சந்தித்தல் போன்றது இது.

உணவு வந்தது. உண்ணுமுன் அதனை இறைவற்கு மனத்தால் நிவேதித்தல் எம் வழக்கம். இதனை நிவேதிக்க மனம் எழவில்லை. அத்தயக்கமே எமக்கு வேண்டிய விடையாயிருத்தல் வேண்டும். ஆயினும் நிவேதியாமலே உண்டேம். புகையும் கொழுப்பும் கலந்த சுவை, உப்பு மிகுதி, மெல்லுங்கால் சிறு சிறு நாராகப் பிரிந்தது. பெயரிட இயலாத ஒரு சுவை நாவின் அடியில் நின்றது. அருவருப்புத் தோன்றும் என்று எதிர்நோக்கினேம், தோன்றிற்றிலது. பாதி உண்டபின், இன்னும் சிறிது உண்ணலாம் என்னும் விருப்பமே தோன்றிற்று. சபையிற் பொய் கூறுதல் தகாமையின் இதனை மறையாது உரைக்கின்றேம்.

"அப்படியே இருக்கிறது, இல்லையா தாத்தா?" என்றார் இளைஞர்.

"எப்படியே?"

"மாட்டிறைச்சியைப் போலவே."

"உனக்கு அது எப்படித் தெரியும், தம்பி?"

அவர் மேசையை நோக்கியவாறே இருந்தார். பின்பு மெல்லக் கூறினார். "கல்லூரிக்கு வந்தபின் மூன்று ஆண்டு உண்டேன். அப்பாவுக்குத் தெரியாது. ஐந்து மாதமாக விட்டுவிட்டேன். முதலிலே இரண்டு முறை விட முயன்று முடியவில்லை. இதை உண்டுதான் விட்டேன். இது சைவமா, அசைவமா என்று நீங்கள் சொல்ல வேண்டும். அதற்காகவே அழைத்து வந்தேன்."

எமக்குச் சினம் எழுந்தது. சிவதீக்கை பெற்ற குடியிற் பிறந்த பிள்ளை! கடிந்துரைக்க வாயெடுத்தேம். எம் கையில் எஞ்சியிருந்த பாதியினின்று உருகிய பாற்கட்டி விரலின்மேல் வழிந்தது. அதனை அவர் கண்டார். "அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், தாத்தா. கோபித்துக்கொள்ளக் கூடாது" என்றார்.

அவர் கூறியது இது. பாலைத் திரைத்துக் கட்டியாக்குதற்குப் பழங்காலந்தொட்டு மேலைநாட்டார் கையாண்ட உறைபொருள், பால்குடி மாறாத கன்றின் நான்காம் இரைப்பையினின்று எடுக்கப்படுவது. அதனை எடுத்தபின் கன்று உயிரோடிருத்தல் இல்லை. 1990ஆம் ஆண்டில், அவ்வுறைபொருளின் மரபணுவை நுண்ணுயிரிற் புகுத்தி ஆக்குதற்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. இன்று அந்நாட்டுப் பாற்கட்டியிற் பெரும்பகுதி அங்ஙனம் ஆக்கிய உறைபொருளாலே செய்யப்படுகின்றது. கன்றின் இரைப்பையாற் செய்வனவும் கடைகளில் உள. எம் கையிலிருந்தது எவ்வகை என்பதனை அம்மேடைப் பெண்ணும் அறியாள். எம் மாணாக்கர் மனையில் மூன்று வாரமாக நாள்தோறும் காலையில் ரொட்டியோடு பாற்கட்டி உண்டுவந்தேம். ஒருநாளேனும் உசாவினேமல்லேம். மேடையில் இளைஞர் எம்மை நோக்கியதன் பொருள் அப்பொழுதே விளங்கிற்று.

எம் சினம் எங்கே போயிற்றென்று எமக்குத் தெரியவில்லை. மீதியை வைத்துவிட்டுக் கைகழுவினேம். மூன்று நாள் கழித்து விடை கூறுவதாகச் சொல்லி எழுந்தேம். அம்மூன்று நாளும் எண்ணியதனை இனிக் கூறுகின்றேம்.

திருவள்ளுவர் புலான் மறுத்தலை அருளுடைமைக்கு அடுத்து வைத்தார். கொல்லாமையை அதனின் வேறாக, ஏழதிகாரங் கழித்துப் பின்னர் வைத்தார். திருமூலரும் தம் முதற்றந்திரத்தில் இரண்டிற்கும் வெவ்வேறு தலைப்பு வகுத்தார். ஆயின் அவர்கள் காலத்தும், சென்ற நூற்றாண்டளவும், இவ்விரண்டும் நடைமுறையிற் பிரிந்து நின்றதில்லை. எங்கே ஊனின் சுவை உண்டோ அங்கே ஓர் உயிரின் வதை உண்டு. நெருப்பின்றிப் புகையில்லாமை போல்வது அது. ஆகலின் சுவையை விலக்கினேமோ, வதையை விலக்கினேமோ என்று நம்மை யாரும் வினவியதில்லை. நாமும் நம்மை வினவிக்கொண்டதில்லை. இவ்வட்டை செய்த செயல் ஒன்றே ஒன்று. என்றும் இணைந்திருந்த அவ்விரண்டையும் வேறு வேறாகப் பிரித்து, இருவேறு தட்டில் நம்முன் வைத்துவிட்டது. 'நீ நோன்பு நோற்றது எதன்பொருட்டு?' என்று கேட்கின்றது.

சித்தாந்த முறையில் இதனை ஆராய்வாம். சுவை என்பது தன்மாத்திரை ஐந்தனுள் ஒன்று, மாயையின் காரியம், சடம். அதன்கண் அறமும் இல்லை, மறமும் இல்லை. உளுந்தின் வேரிலுள்ள செம்மையும் விலங்கின் குருதியிலுள்ள செம்மையும் ஓரினப் பொருளாதல் கண்டு நாம் வெருவ வேண்டுவதில்லை. இரண்டும் மாயையினின்று தோன்றியன என்பதே நம் கோட்பாடு. வினை என்பது மனம் வாக்குக் காயங்களால் ஆன்மா ஈட்டுவது. கொலைவினை, தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என மூவகையான் வரும். விலைகொடுத்து ஊன் வாங்குவான் செய்விப்பானும் உடன்படுவானும் ஆகின்றான். இவ்வட்டையை வாங்குவான் அங்ஙனம் ஆகான். ஆகவே கொலைவினை பற்றிய அளவில் இது புலால் அன்று என்பது துணிபு.

அற்றேல், பாவனையால் வரும் குற்றம் உண்டன்றோ எனின், இவ்வினா வலிமையுடையது. இதனை எளிதிற் கடத்தலாகாது. கருட பாவனை செய்வானுக்கு விடந்தீர்க்கும் ஆற்றல் வருமென்று நம் ஆசிரியன்மார் உவமை கூறுவர். பாவனை வெறும் நினைப்பன்று, பயன்தருவது என்பது நம் கொள்கை. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது. படிகம் அடுத்த பொருளின் நிறத்தை ஏற்றல்போல்வது. கருட பாவனை விடந்தீர்க்குமாயின், 'இஃது ஊன்' என்னும் பாவனை ஊனுண்ட மாசினைத் தாராதோ? உணவு பொய்யாயினும் பாவனை மெய்யாயிற்றே! முதல்நாள் முழுதும் இவ்வாசங்கையின்கண் யாம் நின்றேம்.

இரண்டாம் நாள் ஒன்று புலப்பட்டது. அந்த ஒரே மேசையில் இருவர் உண்டேம். இளைஞர் உண்டபொழுது அவர் உள்ளத்தில் நின்ற பாவனை 'இஃது ஊன் அன்று' என்பது. அவர் நா ஊனைக் கேட்கின்றது. அவர் அதனை ஏமாற்றி அறத்தின் பக்கம் இழுக்கின்றார். ஒவ்வொரு கவளமும் ஒரு விலக்கு. யாம் உண்டபொழுது எம் உள்ளத்தில் நின்றது யாது? 'ஊன் இப்படித்தான் இருக்குமோ' என்பது. அறியாத ஒன்றை அறியும் விருப்பு. ஒரே தாழியிற் பிறந்த ஒரே பொருள். அவர்க்கு ஊனை விட்டு விலகும் பாவனை, எமக்கு ஊனை நோக்கி நடக்கும் பாவனை. கண்டித்தற்குரியவர் யார் என்று எண்ணியபொழுது, அவர்மேல் எழுந்த சினத்தை நினைத்து நாணினேம்.

சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படுமென்று நாம் வகுப்புக்களில் ஓதுகின்றோம். பக்குவத்திற்கேற்ப அருள் பதிகின்றது என்கின்றோம். உணவொழுக்கத்தில் மட்டும் எல்லார்க்கும் ஒரே படியை வைத்து, அப்படியில் நில்லாதாரைத் தள்ளிவிடுகின்றோம். எமக்குப் புலால் உண்ணாமை எந்தையும் தாயும் தந்த பழக்கம். அதன்பொருட்டு ஒருநாளும் ஓர் ஆசையையும் யாம் வென்றதில்லை. வெல்லவேண்டிய ஆசையே இல்லாதவன் வெற்றி கூறுதல் எங்ஙனம்? அவ்விளைஞரோ சுவை கண்டவர், கண்டபின் விட்டவர். எம் ஒழுக்கம் தூயது என்பதிற் குறைவில்லை. அது எம்முடையதோ, எம் முன்னோருடையதோ என்பதே ஐயம்.

காட்சியும் சுவையும் இவ்வகையில் எத்துணை நம்பத்தகாதன என்பதற்கு அந்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. மெக்டொனால்டு நிறுவனம் மாட்டுக்கொழுப்பு விட்டு உருளைக்கிழங்கு வறுத்துவந்தது. 1990ஆம் ஆண்டிற் தாவர எண்ணெய்க்கு மாறியதாக அறிவித்தது. அக்கடைகளில் நாம் உண்ணத்தக்கது இவ்வறுவல் ஒன்றே என்று நம்பி அந்நாட்டுச் சைவவுணவினர் பலர் உண்டுவந்தனர். வறுவலின் மணத்திற்கு மாட்டிறைச்சிச் சாறு சிறிது சேர்க்கப்பட்டமை பின்னர் வெளிப்பட, 2001ஆம் ஆண்டில் வழக்கு எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2002ஆம் ஆண்டில் 1 கோடி டாலர் அளித்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதிற் பெரும்பகுதி இந்து, சைவவுணவு முதலிய சங்கங்கட்கு உரித்தாயிற்று. கிழங்காகத் தோன்றியது ஊன் கலந்ததாயிற்று. ஊனாகத் தோன்றுவது பயறாக இருக்கின்றது. கண்ணையும் நாவையும் நம்பி இருப்பவன் இரண்டிடத்தும் பிழைபடுவான்.

இனி, இவ்வட்டையை ஒரேயடியாகப் புகழ்தலும் ஆகாது. லெக்ஹீமோகுளோபின் தீங்கற்றதென்று காட்டும்பொருட்டு அந்நிறுவனத்தார் அதனை எலிகட்கு ஊட்டிச் சோதித்தனர். அவ்வெலிகள் பின்பு கொல்லப்பட்டன. தாம் விரும்பாது செய்த செயலென்று பிரவுனாரே 2017ஆம் ஆண்டில் வருந்தி எழுதினார். கொலையின் நிழல் இங்கும் முற்றும் நீங்கிற்றிலது. ஆயின், எலியைக் கூறி இதனை இகழும் நாம், நம் பால்மனையை நோக்குதல் வேண்டும். பால்மாடு பல வைத்து நடத்தும் பெருந்தொழிலில் காளைக்கன்றின் முடிவும், பால் வற்றிய பசுவின் முடிவும் யாவை? கசாப்புச் சாலையே. வீகன் என்பார் பாலையும் விலக்குவது இதுபற்றியே. நம் ஆதீனங்களின் கோசாலைகள் இவ்வினாவிற்கு ஒருவாறு விடையாவன. பொதியிட்ட பாலைக் கடையில் வாங்கித் திருமஞ்சனம் ஆட்டும் நாம், அப்பசுவின் கன்று எங்கே என்று கேட்டதில்லை. ஆனைந்தின் பெருமையை மேடையிற் பேசிவிட்டு இறங்கியபின்னரும் கேட்டதில்லை.

ஊனைப் போன்ற உணவு சமைத்தல் இவர்கள் கண்ட புதுமையும் அன்று. சீனத்துப் பௌத்த மடங்களில் கோதுமைப் பசையாலும் சோயாக் கட்டியாலும் அங்ஙனம் சமைத்தல் பல நூற்றாண்டு வழக்கு. அவ்வளவு தொலைவு செல்வானேன்? வாழைப்பூவைக் கோலா உருண்டையாக்குதலும், சேனைக்கிழங்கை மீன்துண்டம் போல் நறுக்கி மிளகு மசாலை தடவி வறுத்தலும் நம் மனைகளில் உள. 'ஆட்டுக்கறி தோற்றது' என்று சிலர் அதனைப் பாராட்டவும் கேட்டிருக்கின்றேம். பாராட்டுவார் அதனை எங்கு அறிந்தனரோ! சேனைக்கு இசைந்து சோயாவிற்கு முகஞ் சுளிப்பதற்குக் காரணம் கூறவல்லார் கூறுக.

கண்ணப்ப நாயனார் வரலாற்றை ஈண்டு நினைத்தல் தவிர்க்க முடியாததாயிற்று. அதனை எடுத்துக்காட்டி ஊனுண்டலை நாட்டுவாரை யாம் ஒப்பேம்; அது விதியைக் கடந்த அன்பின் நிலை, விதிக்கு இலக்கியம் அன்று. யாம் எண்ணியது சிவகோசரியாரைப் பற்றி. ஆகம நெறியில் நாள்தோறும் வழிபட்ட அவர், திருமுன் ஊன் கிடந்தமை கண்டு துடித்தார். அவர் துடித்தது குற்றம் அன்று. அது அவர்க்கு அறம். ஆயினும் மரத்தின் மறைவில் நின்று மற்றொருவன் அன்பைக் காண்க என்று இறைவன் அவரை நிறுத்தினான். காணும்வரை அவர்க்குத் தம் தூய்மை ஒன்றே தெரிந்திருந்தது. விரைவுணவுச் சாலையின் மேசையிலும் மறைந்து நிற்க ஒரு மரம் உண்டு என்று எமக்குத் தோன்றிற்று.

மூன்றாம் நாள் மாலை, திருக்கோயிற் பிராகாரத்தில் இளைஞர்க்கு விடை கூறினேம். "தம்பி, இதிற் கொலை உன்னைத் தொடராது. ஆகலின் நீ உண்பது புலால் அன்று. நா கேட்குங்காறும் உண்க. கேளாதொழிந்தபின் இதுவும் தானே ஒழியும். சூட்டுத்தகட்டைக் கேட்டு உண்க. யாம் இனி இதனை உண்ணேம். எம் நாவுக்குத் தெரியாத ஒன்றை அதற்குக் கற்பிப்பதில் எமக்கு ஊதியம் இல்லை, கற்பித்த பாதியே போதும்" என்றேம்.

"நிவேதிக்கலாமா, தாத்தா?" என்றார்.

இவ்வினாவை யாம் எதிர்பார்த்திலேம். எமக்கு அன்று மனம் எழாமையைக் கூறினேம். நிவேதிக்க மனம் எழும் உணவை அவர் தாமே கண்டுகொள்வார் என்று மட்டும் கூறினேம். அதற்கு மேற்கூற எமக்கு இன்றும் இயலவில்லை. மடங்களிற் பூசைநூல் பயின்ற பெரியோர் கூறுவாராயின் கேட்கக் காத்திருக்கின்றேம்.

அன்றிரவே அவர் தந்தையாரிடம் யாவும் உரைத்தார். இவற்றை எழுதவும் பேசவும் இருவரும் இசைந்தனர். எம் மாணாக்கர் நெடும்பொழுது ஒன்றும் பேசிலர். பின்பு எழுந்து மகனாரைப் பூசையறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சார்த்தினார். உள்ளே பேசியது எமக்குக் கேட்கவில்லை. மறுநாட் காலையில் நீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேம். பாற்கட்டி இருந்த தட்டில், இளைஞர் தம் விடுதியினின்று கொணர்ந்த வட்டைப் பொதி இருந்தது. ரொட்டியோடு உண்ண அம்மையார் தேங்காய்த் துவையல் அரைத்துக்கொண்டிருந்தார்.